போகிற திசையும் போகாத திசையும்

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடும். பாக்குத் தோப்பு, வாழை, ஆற்றுப்பாலம் என்று இரண்டு பக்கமும் சமவெளிதான். கல்லாற்றைத் தாண்டியதும் சத்தம் மாறிவிடும். சக்கரங்கள் உருளும் ஓசை அடங்கி, அடியிலிருந்து பல் பதிகிற ஓசை மேலே வரும். குன்னூர் போய்ச் சேரும்வரை அது ஓயாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. குன்னூர் வரை 1899ல் வண்டி ஓடத் தொடங்கியது. உதகைக்கு 1908ல் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது 12 மீட்டர் பாதை ஏறினால் 1 மீட்டர் உயரம். கண்ணுக்கு அது பெரிய சரிவாகவே தெரியாது. கோணம் 5 பாகைகூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஒரு முக்கோணத்தை வரைந்துவிடும். இன்ஜினும் பெட்டிகளும் சேர்ந்து 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை முழுவதும் நேர்கீழாகத்தான் இழுக்கிறது. ஆனால் வண்டியால் நேர்கீழாகப் போக முடியாது, தண்டவாளம் தடுக்கிறது. போக முடிந்த வழி பாதையோடு கீழே, கல்லாற்றுப் பக்கம் ஒன்றுதான். அந்த வழியில் எடையின் பங்கு பன்னிரண்டில் ஒன்று, 8.3 டன். பாதைக்குக் குறுக்கே தண்டவாளத்தை அழுத்தும் பங்கு 99.6 டன்னுக்கும் சற்று மேல். கூட்டினால் 108 ஆகிறதே என்று திகைக்க வேண்டாம். இவை ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள்; வர்க்கங்களைக் கூட்டினால் 100இன் வர்க்கம் சரியாக வந்துவிடும்.

வெறும் 8.3 டன்னுக்குப் பல் எதற்கு? இன்ஜின் மட்டும் 50 டன் என்று கொண்டால், காய்ந்த தண்டவாளத்தில் அதன் உராய்வுப் பிடி அழுத்தத்தில் கால் பங்கு இருந்தாலே 12.5 டன் தாங்கும். பல்லில்லாமலே ஏறிவிடலாம். ஆனால் மழையும் சருகும் சேர்ந்து வழவழக்கும் நாளில் அந்தப் பிடி பத்தில் ஒரு பங்காக இறங்கினால் கிடைப்பது 5 டன்தான். நீலகிரியில் மழை பெய்யாத நாளை நம்பி ரயில் விட முடியுமா? ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. இதற்கும் காரணம் அந்த 8.3 டன்தான். பயணிகள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது எந்த நேரமும் கல்லாற்றுப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கே போக முடியும், எங்கே போக முடியாது என்ற இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் எடுத்த சார். சாய்தளப் பாடம் தொடங்கிய அன்று கரும்பலகையில் அவர் ஒன்றும் எழுதவில்லை. வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்து, ஒரு ஓரத்தைத் தூக்கி, அதன்மேல் டஸ்டரை வைத்தார்.

"இதோட எடை எந்தப் பக்கம்டா இழுக்குது?"

"கீழே சார்."

"அப்புறம் ஏன் கீழே போகாம இப்படிச் சறுக்கிட்டுப் போகுது?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. பதிவேட்டை இன்னும் கொஞ்சம் தூக்கினார். டஸ்டர் சறுக்கி மேசையில் விழுந்து சுண்ணாம்புத் தூள் பறந்தது. பிறகுதான் படம் போட்டார். எடைக்கு நேர்கீழாக ஓர் அம்பு. சரிவோடு கீழே ஒரு கோடு, சரிவுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. முதல் கோடு போகிற திசை, இரண்டாவது கோடு போகாத திசை. அந்த இரண்டையும் அச்சாக வைத்து எடையைப் பிரித்தார். முன் பெஞ்சில் ஒருவன் எழுந்து, எக்ஸ் அச்சு படுக்கையாகத்தானே இருக்கணும் சார் என்றான். "தாளுக்கு ஓரம் அங்க இருக்குங்கிறதுக்காக அச்சும் அங்கதான் இருக்கணும்னு யாருடா சொன்னா? அச்சு நீ வைக்கிறதுதான்" என்றார் சார்.

எடை என்ற விசை ஒன்றுதான். அது இரண்டாகப் பிளந்துகொண்டு டஸ்டருக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. பிரிப்பது நாம். எப்படிப் பிரிக்கலாம் என்பதும் நம் விருப்பம். படுக்கையாகவும் நெட்டையாகவும் பிரித்தாலும் விடை வரும், ஆனால் இரண்டு சமன்பாடுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். போகிற திசையில் ஓர் அச்சை வைத்தால், தளம் திருப்பித் தள்ளும் செங்குத்து எதிர்விசை அந்தத் திசையில் ஒன்றுமே செய்ய முடியாமல் விலகிவிடும். பொருளின் அசைவைப் பற்றிய கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். இந்தப் பாடத்தின் உயிர் இந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதும் இதுதான்.

டியூஷனில் வேறொரு மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைக்கு காஸ், நெட்டைக்கு சைன். கயிற்றைச் சாய்வாக இழுக்கும் கணக்குகளுக்கெல்லாம் அது பொருந்தியது. சாய்தளம் வந்ததும் தலைகீழாகிவிட்டது. இங்கே எடையின் சரிவுவழிப் பங்குக்கு சைன் வருகிறது, அழுத்தும் பங்குக்கு காஸ். மந்திரத்தை நம்பியவர்கள், சாய்தளத்துக்கு மட்டும் மாற்றிப் போடணும் என்று இரண்டாவது மந்திரம் ஒன்றை மனப்பாடம் செய்தார்கள். சார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எந்தக் கோணத்தை அளந்தாய், அது எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்கு என்று கேட்பார். அளந்த கோணத்தை ஒட்டிய பங்கு காஸ், எதிரே இருப்பது சைன். சரிபார்க்க ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார்: சரிவின் கோணமான தீட்டாவைப் பூஜ்ஜியமாக்கிப் பார். பலகை படுத்துவிட்டால் டஸ்டர் நகராது. ஆகவே நகர்த்தும் பங்கும் பூஜ்ஜியமாக வேண்டும். பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியமாவது சைன்தான், காஸ் இல்லை. பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் முழு எடையும் கீழே இழுக்கும், அழுத்தம் ஒன்றுமில்லை. இரண்டு முனைகளிலும் சரியாக வந்தால் படம் சரி.

மலை ரயிலின் பன்னிரண்டுக்கு ஒன்றை வேறொரு புகழ்பெற்ற இடத்திலும் பார்க்கலாம். கலிலியோ 1638ல் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். சுமார் 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் வழவழப்பாக ஒரு பள்ளம் வெட்டி, ஒரு முனையை ஒரு முழமோ இரண்டு முழமோ உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டிவிடுகிறார். அவ்வளவு சிறிய நேரத்தைத் துல்லியமாக அளக்கக் கடிகாரம் இல்லை. பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடைபோட்டார். நேராக விழுகிற பொருளை அந்தக் கருவியால் அளந்திருக்கவே முடியாது. வேகம் மிக அதிகம். அதனால் பூமியின் இழுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, விழுவதை மெதுவாக்கிப் பார்த்தார். கடந்த தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கண்டது அப்படித்தான். கல்லாறு ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிற அதே விகிதம் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கலிலியோவின் அந்த நூல் அச்சானது ஹாலந்தின் லெய்டன் நகரில். 52 ஆண்டுகளுக்கு முன்பு, 1586ல், அதே ஊரில்தான் சைமன் ஸ்டெவினின் எடைக்கலை நூலும் அச்சானது. ப்ரூஜ் நகரில் பிறந்தவர் ஸ்டெவின். லத்தீனில் எழுதினால்தான் அறிஞர் என்று இருந்த காலத்தில் தன் மக்களின் டச்சு மொழியில் எழுதினார். அறிவியலுக்கு அந்த மொழி மிகவும் ஏற்றது என்று வாதாடவும் செய்தார். தமிழ் வழியில் இயற்பியல் படித்த எவருக்கும் அவர்மேல் ஒரு தனி அன்பு உண்டாகும்.

அவருடைய நூலின் முகப்பில் ஒரு படம் இருக்கிறது. அடிப்பக்கம் படுக்கையாக இருக்கும் ஒரு முக்கோணம். அதன் ஒரு சரிவு மற்றதைப்போல இரண்டு மடங்கு நீளம். 14 சம எடைக் குண்டுகளைச் சம இடைவெளியில் கோத்த மாலையொன்றை அதன்மேல் போட்டிருக்கிறார். நீண்ட சரிவில் 4 குண்டு, குட்டைச் சரிவில் 2 குண்டு, கீழே தொங்குவது 8. இந்த மாலை நழுவுமா? நழுவினால் ஒரு குண்டு போன இடத்துக்கு அடுத்த குண்டு வந்துவிடும், நிலைமை முன்புபோலவே இருக்கும். ஆகவே மறுபடியும் நழுவும், முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி எதுவும் நடக்காது என்பதால் மாலை அசையாது. கீழே தொங்கும் 8 குண்டுகளும் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கின்றன, அவற்றை வெட்டிவிடலாம். மிஞ்சுவது, நீண்ட சரிவின் 4 குண்டுகளைக் குட்டைச் சரிவின் 2 குண்டுகள் தாங்கி நிற்பது. உயரம் ஒன்றாக இருக்கும்போது சரிவு இரண்டு மடங்கு நீண்டால் இழுப்பு பாதி. நியூட்டன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, சைன் என்ற பெயரைச் சொல்லாமலே, சாய்தள விதி முழுவதும் ஒரே படத்தில் வந்துவிட்டது. இயற்பியலில் இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியாது.

சரிவு என்றாலே தாத்தாவின் தோட்டத்துக் கிணறும் கூடவே வந்துவிடும். பம்புசெட் வைத்த பிறகும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைக் கழற்றாமல் வைத்திருந்தார். கரண்ட் இல்லாத நாட்களில் ஓட்டுவார். கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாக இறங்குகிற சரிவான தடத்தை எங்கள் பக்கம் வாரி என்பார்கள். நுகத்தடியில் கட்டிய வடம் உருளைமேல் ஏறிக் கிணற்றுக்குள் தண்ணீர் மொள்ளும் சாலைத் தாங்கியிருக்கும். மாடுகள் வாரியில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் சாலின் அடியிலுள்ள தோல் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் முகத்தைத் திருப்பாமல் பின்னுக்கு நடந்தே மேடேறும். இறங்கும்போது தாத்தா ஒரு தாவு தாவி வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார்.

"ஏன் தாத்தா வடத்து மேல உக்காருறீங்க?"

"மாட்டுக்கு ஒத்தாசையா இருக்கும்ல."

அந்த ஒத்தாசை எவ்வளவு என்று கல்லூரியில் படிக்கும்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரியின் சரிவு ஆறடிக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டேன்; இரண்டு முழம் உயர்த்தியபோது கலிலியோவின் சட்டத்துக்கு இருந்த அதே சரிவு. இரண்டு மாடும் சேர்ந்து 700 கிலோ. அதில் ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 117 கிலோ எடை, மாடு எந்த முயற்சியும் செய்யாமலே வாரியோடு கீழே இழுக்கிறது. சாலில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால், அதைத் தூக்க மாட்டின் எடையே போதும். மாடு தசையால் இழுக்க வேண்டியது சால், வடம், உருளையின் உராய்வு ஆகியவற்றுக்கு மட்டும். மாட்டையும் வடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளையும் ஒரே பொருளாகக் கருதி அதற்கு மட்டும் விசைப்படம் வரைந்தால், 60 கிலோ ஆளின் பங்காக இன்னும் 10 கிலோ சேர்கிறது. தாத்தாவின் ஒத்தாசை அந்த 10 கிலோ. கால் தரையில் படாதவரைதான் அதுவும். பட்டுவிட்டால் எடையைத் தரை வாங்கிக்கொள்ளும்.

சமதரையில் மாட்டை நடத்தியிருந்தால் 100 கிலோ இழுப்பு முழுவதையும் அது தசையால் கொடுத்திருக்க வேண்டும். வாரி அந்த உழைப்பை இல்லாமல் ஆக்கிவிடவில்லை. வெறும் சாலோடு மேடேறும்போது மாடு தன் எடையைத் தானே உயரத்துக்குத் தூக்கிக்கொள்கிறது. இறங்கும்போது அது திரும்பக் கிடைக்கிறது. சும்மா திரும்பி வரவேண்டிய நேரத்திலும் வேலை நடக்கிறது, பாரம் இரண்டு நடைக்கும் பங்காகிறது. இந்த வாரியை வெட்டியவர்கள் யாரும் முக்கோணவியல் படித்தவர்கள் இல்லை. எவ்வளவு சரிவு வைத்தால் மாடு இறங்கும்போதும் தாங்கும், ஏறும்போதும் தாங்கும் என்பதைப் பல தலைமுறையாக மாட்டின் மூச்சைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

வடத்தில் உட்காருவதைச் சொன்னதும் கொடிக்கயிறு நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்குத் தொய்ந்த கொடி பிடிக்காது. இழுத்துக் கட்டச் சொல்வாள்; கட்டினால் ஈரப் போர்வை போட்ட அன்றைக்கே சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். 4 கிலோ ஈரப் போர்வை கயிற்றின் நடுவில் தொங்குகிறது. கயிறு இரண்டு பக்கமும் 30 பாகை தொய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இழுவிசை 4 கிலோதான். தொய்வை 5 பாகையாகக் குறைத்தால் 23 கிலோ. 1 பாகையாக்கினால் கிட்டத்தட்ட 115 கிலோ. எடையைத் தாங்குவது கயிற்றின் மேல்நோக்கிய பங்கு மட்டுமே. கயிறு படுக்கையாக ஆக ஆக அந்தப் பங்கு சுருங்குகிறது. அதே 4 கிலோவைத் தாங்க மொத்த இழுவிசை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஈரத்துணி தொங்கும் கொடி உலகில் எங்கேயும் நேர்கோடாக நிற்க முடியாது. சேற்றில் மாட்டிய வண்டியை மரத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி, கயிற்றின் நடுவில் பக்கவாட்டில் தள்ளி நகர்த்துவார்கள். அதுவும் இதே கணக்குதான்.

ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாத இரண்டு திசைகளில் ஒரு விசையைப் பிரித்தால், பகுதி முழுமையைவிடப் பெரிதாகவும் கூடும் என்பதற்குக் கொடிக்கயிறு சாட்சி. மாணவர்கள் இதில்தான் மிகவும் தடுமாறுகிறார்கள். முழுசைவிடப் பங்கு எப்படிப் பெரிதாகும் என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் கடந்து போகக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இரண்டு பெரிய விசைகள் தங்களைப் பெரும்பாலும் அழித்துக்கொண்டு மிச்சமாக ஒரு சின்ன விசையைத் தருகின்றன என்று படத்தோடு காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

தெருமுனையில் மின்கம்பிகள் திரும்பும் இடத்தில் நிற்கும் கம்பத்தைப் பாருங்கள். அதை மட்டும் ஒரு ஸ்டே கம்பி பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டு பக்கக் கம்பிகளும் சேர்ந்து கம்பத்தை உள்பக்கமாகச் சாய்க்கின்றன. அந்தத் தொகுபயனுக்கு நேர் எதிரே ஸ்டே. சாய்க்கும் இழுப்பு 500 கிலோ, ஸ்டேயும் அதே உயரத்தில் கட்டியிருக்கிறது என்று கொள்வோம். தரையோடு 45 பாகையில் ஸ்டே கட்டினால் அதில் 707 கிலோ இழுவிசை வரும். இடமில்லை என்று கம்பத்துக்குப் பக்கத்திலேயே 60 பாகையில் நட்டால் 1000 கிலோ. அந்த 1000 கிலோவில் படுக்கைப் பங்கு 500 மட்டுமே பயன்படுகிறது. மீதிப் பங்கு கம்பத்தைத் தரைக்குள் அமுக்குகிறது. ஸ்டேயை ஏன் கம்பத்திலிருந்து தள்ளி நடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கும் பாடம் இது. தள்ளி நிற்கச் சொல்லி, தொடாமல், எந்த ஆசிரியரும் காட்டலாம்.

நியூட்டனின் பிரின்சிப்பியா வெளிவந்த ஆண்டு 1687. இயக்க விதிகளைச் சொன்ன கையோடு, முதல் இரண்டு கிளைத்தேற்றங்களிலேயே விசைகளைச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் வைத்துவிட்டார். அதே ஆண்டில் பிரான்சில் பியர் வரிஞோனும் பெர்னார் லாமியும் விசைகளின் கூட்டைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். லாமியின் தேற்றத்தை நம் பிள்ளைகள் மூன்று பின்னங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். மூன்று கயிறு சந்திக்கும் ஒரு முடிச்சை எடுத்து, எந்தப் பக்கமும் நகராமல் அது ஏன் நிற்கிறது என்று கேட்டுவிட்டு அந்தச் சூத்திரத்தை எழுதியிருந்தால் அது மறக்காது.

நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். சூத்திரம் எல்லாம் கையில் இருக்கும், படம் இருக்காது. படம் வரைய நேரமில்லை அங்கிள் என்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று பழக்கியிருக்கிறார்கள். சரிவைக் கொஞ்சம் மாற்றி, பொருளைச் சரிவோடு தள்ளாமல் படுக்கையாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். தள்ளுகிற விசைக்கும் ஒரு பங்கு சரிவை அழுத்தும், அதனால் உராய்வு கூடும் என்பது எந்தச் சூத்திரத்திலும் எழுதியிருக்காது. படத்தில் மட்டும்தான் தெரியும். அது அந்தப் பிள்ளைகளின் குறை இல்லை. அவர்களுக்கு அந்தக் கோட்டை வரைய யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இயற்பியல் எடுக்கும் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். விடைக்கு மதிப்பெண் போடும் முன் படத்துக்குப் போடுங்கள். அச்சைப் பிள்ளைகளே வைக்கட்டும். ஏன் அங்கே வைத்தாய் என்று மட்டும் கேளுங்கள். பிரித்து முடித்ததும் மூல அம்பை அடிக்கச் சொல்லுங்கள், ஒரே விசையை இரண்டு முறை எண்ணாமல் இருக்க. விடை வந்ததும் கோணத்தைப் பூஜ்ஜியமாக்கியும் 90 ஆக்கியும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு பாடவேளை வேண்டும். பாடத்திட்டம் எவ்வளவு நெருக்கினாலும் அந்த ஒரு பாடவேளையைக் கொடுத்துவிடுங்கள்.